கை முந்துமா? ரம்பம் முந்துமா?

எந்திர ரம்பம் பிடிப்பவர்களும், அவர்கள் வீட்டாரும் படிக்க வேண்டிய கட்டுரை

புயல் வந்து போனால் நம் ஊர்களில் ஒரு சத்தம் தவறாமல் கேட்கும். "ர்ர்ர்..." என்று காதைத் துளைக்கும் சத்தம். அது எந்திர ரம்பத்தின் சத்தம்.

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூர் பக்கம் வந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி 'வர்தா' புயல் சென்னைக்கு வந்தது. நிழல் தந்த மரங்கள் எல்லாம் ரோட்டின் குறுக்கே விழுந்தன. 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி 'கஜா' புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன.

விழுந்த மரத்தை அப்புறப்படுத்த வேண்டுமே! கோடாரி கொண்டு வெட்டினால் ஒரு மரத்துக்கு ஒரு நாள் ஆகும். எந்திர ரம்பம் கொண்டு அறுத்தால் அரை மணி நேரத்தில் துண்டு துண்டாகிவிடும். அதனால் எல்லோரும் எந்திர ரம்பத்தைத் தேடி ஓடுகிறார்கள். வாடகைக்கு எடுக்கிறார்கள். விலைக்கும் வாங்குகிறார்கள். முன்பின் பழக்கம் இல்லாதவர்களும் தூக்குகிறார்கள்.

அங்கேதான் ஆபத்து!

பத்து ஆள் வேலையை ஒரே ஆளாகச் செய்யும் இந்த எந்திரம், ஒரு நொடியில் ஒரு ஆளின் காலையும் வாங்கிவிடும். அதை எப்படிப் பிடிப்பது? எப்படி நிற்பது? எதைச் செய்யவே கூடாது? பார்ப்போம்.

டாக்டர் செய்த ரம்பம்

எந்திர ரம்பத்தை ஆங்கிலத்தில் 'செயின் சா' என்கிறார்கள். செயின் என்றால் சங்கிலி. சா என்றால் ரம்பம். சங்கிலியில் பற்கள் வைத்த ரம்பம் இது.

இந்தச் சங்கிலி ரம்பம் முதலில் மரம் அறுக்க வந்தது அல்ல. எலும்பு அறுக்க வந்தது! ஆச்சரியமாக இருக்கிறது அல்லவா?

ஜெர்மனியில் பெர்னார்டு ஹைன் என்று ஒருவர் இருந்தார். எலும்பு வைத்தியத்தில் கெட்டிக்காரர். 1830-ம் ஆண்டு வாக்கில் அவர் ஒரு கருவியைச் செய்தார். ஒரு பட்டையைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி. கையால் ஒரு பிடியைச் சுற்றினால் சங்கிலி ஓடும், எலும்பு அறுபடும்.

மரத்துக்கு வந்தது பிறகுதான். ஜெர்மனியைச் சேர்ந்த ஆன்டிரியாஸ் ஸ்டீல் என்ற என்ஜினீயர் 1926-ம் ஆண்டு மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பத்தைச் செய்தார். அது மிகவும் கனமானது! இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். 1929-ல் பெட்ரோலில் ஓடும் ரம்பத்தைக் கொண்டு வந்தார். 1950-ல் அவருடைய கம்பெனி ஒரே ஆள் தூக்கும் பெட்ரோல் ரம்பத்தை விற்றது. அதுவும் 16 கிலோ இருந்தது. இன்று சாதாரண ரம்பம் 4 கிலோ முதல் 6 கிலோ வரைதான்.

அதன் பல்லுக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் ஜோ காக்ஸ் என்பவர் மரம் அறுக்கும் வேலை செய்து வந்தார். 1946-ல் ஒருநாள் அவர் ஒரு மரக்கட்டையில் புழு ஒன்றைக் கண்டார். வண்டின் புழு. அது இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்து மரத்தைச் சுலபமாகத் துளைத்துக்கொண்டு போனது. 'இந்தப் புழுவின் வாயைப் போலவே ரம்பத்தின் பல்லைச் செய்தால் என்ன?' என்று யோசித்தார். அப்படியே செய்தார். இன்று உலகம் முழுவதும் ஓடும் சங்கிலிகளில் பெரும்பாலானவை அந்தப் புழுவின் வாய்தான்!

ஒரு நொடியில் 480 பற்கள்

எந்திர ரம்பத்தின் உடலில் ஒரு சின்ன என்ஜின் இருக்கிறது. அதன் முன்னால் ஒரு நீளமான தட்டை இரும்பு நீட்டிக்கொண்டு இருக்கும். அதைக் கடைக்காரர்கள் 'பார்' என்பார்கள். பாரைச் சுற்றிச் சங்கிலி ஓடும். வலது கை விரலால் ஆக்சிலேட்டரை அழுத்தினால் சங்கிலி சுற்றும். விரலை எடுத்தால் நிற்கும்.

18 அங்குல பாரில் உள்ள சங்கிலியின் நீளம் ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர். என்ஜின் முழு வேகத்தில் ஓடும்போது சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் தூரம் ஓடுகிறது. அதாவது மணிக்கு 72 கிலோ மீட்டர். பெரிய ரோட்டில் போகும் பஸ்சின் வேகம்!

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். அந்தச் சங்கிலி ஒரு நொடியில் 16 சுற்று சுற்றிவிடும். அதில் சுமார் 30 பற்கள் இருந்தால், ஒரே இடத்தை ஒரு நொடியில் கிட்டத்தட்ட 480 பற்கள் கடித்துவிட்டுப் போகின்றன. வேப்ப மரமே தாங்காது. நம் சதை எம்மாத்திரம்?

எந்திரம் உதைக்கும்!

'நான் கவனமாகத்தான் இருப்பேன். ஆபத்து வந்தால் கையை இழுத்துக்கொள்வேன்' என்று நீங்கள் நினைக்கலாம். அதுதான் முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

பாரின் முனை வட்டமாக இருக்கும். அதை மூக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த மூக்கின் மேல் பாதிதான் எமன் உட்காரும் இடம்!

சங்கிலி எப்படி ஓடுகிறது? பாரின் மேல் பக்கத்தில் நம்மை விட்டு விலகி ஓடுகிறது. மூக்கில் திரும்புகிறது. அடிப் பக்கத்தில் நம்மை நோக்கி வருகிறது. மூக்கின் மேல் பாதி ஒரு கட்டையிலோ, கிளையிலோ, கல்லிலோ பட்டால் என்ன ஆகும்? பற்கள் அதைக் கவ்வும். ஆனால் அறுத்துக்கொண்டு போக முடியாது. என்ஜினின் பலம் எங்கே போகும்? பாரை மேலே தூக்கிப் பின்னால் எறியும். நம் முகத்தை நோக்கி! கழுத்தை நோக்கி! தோளை நோக்கி!

இதைத்தான் தொழில் செய்பவர்கள் 'மிஷின் உதைக்கிறது' என்கிறார்கள்.

அந்த உதைக்கு ஆகும் நேரம் சுமார் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. ஆபத்தைக் கண் பார்த்து, மூளை அறிந்து, கை அசைய ஆகும் நேரம் குறைந்தது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது நம் கை விழித்துக்கொள்வதற்குள் ரம்பம் வந்து போய்விடுகிறது.

கை முந்துமா, ரம்பம் முந்துமா? எப்போதும் ரம்பம்தான் முந்தும். பயில்வானாக இருந்தாலும் சரி, இருபது வருஷம் தொழில் செய்தவராக இருந்தாலும் சரி.

ஆகவே, பிழைக்க ஒரே வழிதான் உண்டு. எந்திரம் ஓடத் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு சுதாரிக்க நேரம் இல்லை.

லுங்கியும் செருப்பும் உதவாது

நம் ஊரில் மரம் அறுப்பவர்கள் எப்படி நிற்கிறார்கள்? மடித்துக் கட்டிய லுங்கி. தோளில் துண்டு. காலில் ரப்பர் செருப்பு. வெயிலுக்கு அது சௌகரியம்தான். ரம்பத்துக்கும் அது சௌகரியமே!

துண்டின் நுனி சங்கிலியில் பட்டால் போதும், இழுத்துக்கொண்டுவிடும். லுங்கியின் கதியும் அதுவே. பால் வடியும் மரத்தின் மேல் செருப்பு வழுக்கும்.

வேண்டியவை இவைதான்:

தலைக்கு கெட்டியான தொப்பி. மேலே இருந்து காய்ந்த கொப்பு விழும். கண்ணுக்கு கண்ணாடி அல்லது முகத்தை மூடும் வலை. மரத்தூள் கண்ணில் பட்டால் அந்த ஒரு நொடி கண் மூடும், கை தவறும். காதுக்கு மூடி. இந்த எந்திரத்தின் சத்தம் 100 டெசிபலுக்கு மேல். 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பது கணக்கு. 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான்! காது மூடி இல்லாமல் தொழில் செய்பவருக்கு நாற்பது வயதிலேயே பேரன் பேசுவது போல மகன் பேசுவதும் கேட்காமல் போகலாம்.

உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டை, பேண்ட், கையுறை, கெட்டியான பூட்ஸ் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கால் கவசம். அது இரும்பு அல்ல, துணிதான். அதற்குள் நீளமான, உறுதியான நார்களை அடுக்கு அடுக்காக வைத்திருப்பார்கள். ரம்பம் அந்தத் துணியைத் தொட்டதும் நார்கள் வெளியே வந்து சங்கிலியோடு சுற்றிக்கொள்ளும். பல்சக்கரத்தில் சிக்கிச் சங்கிலியை நிறுத்திவிடும். துணி கிழியும். கால் பிழைக்கும். எந்திரம் வாங்கப் பணம் வைத்திருப்பவர்கள், கால் கவசத்துக்கும் சேர்த்துப் பணம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இடது கையின் முன்னால் இருக்கும் காவலன்

எந்திரத்தின் முன்பிடிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு நிற்கும். சிலர் அதைக் கை மறைப்பு என்று மட்டும் நினைக்கிறார்கள். இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி எறிபவர்களும் உண்டு!

அதுதான் பிரேக். 1970-களின் தொடக்கத்தில் வந்த நல்ல ஏற்பாடு. எந்திரம் உதைக்கும்போது பார் மேலே எழும்பும். அப்போது நம் இடது மணிக்கட்டு அந்தத் தடுப்பில் இடிக்கும். அல்லது உதையின் வேகத்திலேயே தடுப்பு முன்னால் சாயும். உடனே சங்கிலி நின்றுவிடும். நம் மூளை செய்ய முடியாத வேலையை அந்தத் தடுப்பு செய்கிறது.

அது இல்லாத எந்திரத்தை வாடகைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். தினமும் காலையில் வேலையைத் தொடங்கும் முன் பிரேக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சங்கிலி நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

எப்படி ஸ்டார்ட் செய்வது?

ஒரு கையில் எந்திரத்தைத் தூக்கிப் பிடித்து, கீழே தள்ளிக்கொண்டே மறு கையால் கயிற்றை இழுப்பார்கள். பார்க்க வீரமாக இருக்கும். அது வீரம் அல்ல, விளையாட்டு. ஒற்றைக் கையில் ஆடும் ரம்பம் தொடையில் போய் உட்காரும்.

சரியான முறை இதுதான். எந்திரத்தைச் சமமான தரையில் வையுங்கள். பாரின் முனை மண்ணிலோ கல்லிலோ படக் கூடாது. பிரேக் போட்டிருக்க வேண்டும். இடது கையால் முன்பிடியை அழுத்திப் பிடியுங்கள். பின்பிடிக்குள் வலது பாதத்தின் முனையை வைத்து மிதியுங்கள். இப்போது வலது கையால் கயிற்றை இழுங்கள்.

ஓடத் தொடங்கியதும் ஒன்றைக் கவனியுங்கள். பிரேக்கை எடுத்த பிறகும், ஆக்சிலேட்டரை அழுத்தாத வரையில் சங்கிலி சுற்றக் கூடாது. சுற்றினால் எந்திரத்தில் கோளாறு. மெக்கானிக்கிடம் காட்டாமல் அறுக்காதீர்கள்.

பெட்ரோல் ஊற்றும்போதும் கவனம் வேண்டும். என்ஜினை நிறுத்தி, சூடு ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் செய்யக் கூடாது. பத்து அடி தள்ளிப் போய்ச் செய்ய வேண்டும்.

இரண்டு கை, பத்து விரல்

எந்திரம் ஓடும்போது இரண்டு கைகளும் அதன் மேல் இருக்க வேண்டும். இடது கை முன்பிடியில், வலது கை பின்பிடியில். இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதே முறைதான். முன்பிடியை இடது கட்டை விரல் சுற்றிப் பிடிக்க வேண்டும். கட்டை விரலை மற்ற விரல்களோடு மேலே வைத்தால், உதைக்கும்போது பிடி நழுவிவிடும்.

கால்களை அகட்டி, இடது காலைச் சிறிது முன்னால் வைத்து நில்லுங்கள். பாருக்கு நேராக நிற்காதீர்கள். இடது பக்கம் சற்று ஒதுங்கி நில்லுங்கள். எந்திரம் உதைத்தாலும் தலைக்கு நேராக வராமல், தோளைத் தாண்டிப் போய்விடும்.

தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது. ஏணியில் நின்று அறுக்கக் கூடாது. ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அறுக்கவே கூடாது.

இப்போது ஒரு கையில் பிடிக்கும் சின்ன பேட்டரி ரம்பங்களும் விற்பனைக்கு வருகின்றன. பொம்மை போல இருக்கும். தோட்டத்துக் கிளையை அறுக்கப் பெண்களும் வாங்குகிறார்கள். அதன் ஆபத்து எங்கே இருக்கிறது தெரியுமா? சும்மா இருக்கும் இடது கையில்! அந்தக் கை தானாகக் கிளையைப் பிடிக்கப் போகும். ரம்பம் நழுவினால் அந்தக் கைமேல்தான் விழும். சின்ன ரம்பமும் ரம்பம்தான்.

கிடக்கும் மரத்துக்கும் பலம் உண்டு

நிற்கும் மரத்துக்குப் பயப்படுகிறோம். விழுந்த மரத்தைப் 'பிணம்தானே' என்று நினைக்கிறோம். புயலில் விழுந்த மரம் பிணம் அல்ல. இழுத்துக் கட்டிய வில்!

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பச்சைக் குச்சியின் இரண்டு முனைகளையும் இரண்டு கல்லின் மேல் வையுங்கள். நடுவில் விரலால் அழுத்துங்கள். மேல்பக்கம் நெருங்கும். அடிப்பக்கம் விரியும். இரு முனையும் தாங்கிக் கிடக்கும் மரத்திலும் இதே கதைதான். அதை மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால், பாதியில் மரம் நெருங்கி பாரைக் கவ்விக்கொள்ளும்.

அப்படிக் கிடக்கும் மரத்தை முதலில் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுக்க வேண்டும். மீதியை அடியிலிருந்து மேல் நோக்கி அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி, மறு முனை அந்தரத்தில் நின்றால் இதற்கு நேர் மாறு. முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு. பிறகு மேலிருந்து மீதி. அடியிலிருந்து அறுக்கும்போது எந்திரம் நம்மைப் பின்னால் தள்ளும். அதை எதிர்பார்த்து உறுதியாக நிற்க வேண்டும்.

வேரோடு சாய்ந்த மரம் இன்னும் மோசம். வேரில் வண்டிக்கணக்கில் மண் ஒட்டிக்கொண்டு, சுவர் போல நிற்கும். பக்கத்தில் பள்ளம் இருக்கும். மரத்தை அறுத்தவுடன் வேரை இழுத்துப் பிடிக்க எடை இல்லாமல் போகும். அந்த மண் சுவர் படீரென்று திரும்பப் பள்ளத்தில் விழும்! புயல் முடிந்ததும் குழந்தைகள் விளையாடும் இடம் எது? அந்தப் பள்ளம்தான். ரம்பத்தின் சத்தம் கேட்கும் முன்பே குழந்தைகளை அங்கிருந்து கூப்பிட்டுவிடுங்கள்.

மரத்தின் மேல் மின்சாரக் கம்பி கிடந்தால் தொடாதீர்கள். 'கரண்ட் இல்லை, வீட்டில் லைட் எரியவில்லை' என்பது சாட்சி ஆகாது. எந்த நிமிஷமும் கரண்ட் வரலாம். மின்சார வாரிய ஊழியர் வந்து, இணைப்பைத் துண்டித்துவிட்டோம் என்று சொன்ன பிறகே ரம்பத்தை எடுக்க வேண்டும்.

நிற்கும் பெரிய மரத்தைச் சாய்ப்பது பழகிய ஆளின் வேலை. புத்தகம் படித்துச் செய்வது அல்ல. வேடிக்கை பார்ப்பவர்கள் அந்த மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் நிற்க வேண்டும். 50 அடி மரம் என்றால் 100 அடி தள்ளி!

மொண்ணை ரம்பமே கொடிய ரம்பம்

'பல் மழுங்கிய ரம்பம் கையை அறுக்காது' என்று நினைப்பது தவறு. பல் மழுங்கினால் நாம் பலம் கொண்டு அழுத்துவோம். அழுத்தும்போது கை வழுக்கும். எந்திரம் உதைப்பதும் அதிகம் ஆகும்.

பல் கூராக இருக்கிறதா என்று எப்படி அறிவது? கீழே விழும் தூளைப் பாருங்கள். தேங்காய்த் துருவல் போலச் செதிள் செதிளாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவு போல விழுந்தால் மழுங்கிவிட்டது. உடனே நிறுத்தி, உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லையும் தீட்ட வேண்டும். மண் ஒட்டிய அடிமரத்தை அறுத்தால் ஒரே நிமிஷத்தில் பல் போய்விடும். மண்ணைத் தட்டிவிட்டு அறுங்கள்.

சங்கிலி தொளதொளவென்று தொங்கினால் பாரை விட்டுக் கழன்று மேலே அடிக்கும். ரொம்ப இறுக்கினாலும் சூடேறித் தேயும். என்ஜினை நிறுத்திவிட்டு, கையுறை போட்ட கையால் இழுத்துப் பாருங்கள். பாரோடு படிந்து இருக்க வேண்டும். கையால் நகர்த்தினால் ஓடவும் வேண்டும். அதுவே பதம்.

உடம்புக்கும் ஒரு பதம் உண்டு. களைத்த கை ரம்பத்தைத் தாழ விடும். அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் குடித்து, கையை உதறிக்கொள்ளுங்கள். வருஷக்கணக்கில் ஓய்வே இல்லாமல் அதிர்ந்த கைகளில் ரத்த ஓட்டம் குறையும். விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். சாப்பாட்டை அள்ளும்போது உணர்ச்சி இருக்காது. இருட்டிய பிறகு வேலை வேண்டாம். குடித்தவர் கையில் எந்திரம் வேண்டவே வேண்டாம்.

வீட்டார் செய்ய வேண்டியது

மரம் அறுக்க ஆள் வந்திருக்கிறார். 'இன்றைக்கே முடித்துவிட வேண்டும்' என்று அவசரப்படுத்தாதீர்கள். கூலியில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிப்பதைவிட, அவர் முழு உடம்போடு வீடு திரும்புவது பெரிது. அவர் வேலை செய்யும்போது பின்னால் போய்த் தோளைத் தொட்டுக் கூப்பிடாதீர்கள். காதை மூடியிருப்பவர் சட்டென்று திரும்புவார். ஓடும் ரம்பமும் கூடவே திரும்பும்! எதிர்ப்பக்கம், அவர் கண்ணில் படும்படி, தூரத்தில் நின்று கையைக் காட்டுங்கள். அவர் என்ஜினை நிறுத்திய பிறகே பக்கத்தில் போங்கள்.

"அண்ணே, செருப்போடு ஏன் நிற்கிறீர்கள்? பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள். மரம் எங்கேயும் ஓடிப் போகாது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். வீட்டு அம்மா சொன்னால் கேட்பார்கள்.

தனி ஆளாக யாரையும் அறுக்க விடாதீர்கள். கூப்பிட்டால் ஓடி வர ஒருவர், பாதுகாப்பான தூரத்தில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் பாருக்கு உறை போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும்.

அடிபட்டுவிட்டால்?

எத்தனை கவனமாக இருந்தாலும் விபத்து நேரலாம். அப்போது பதறக் கூடாது.

முதலில் என்ஜினை நிறுத்துங்கள். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, பலமாக அழுத்துங்கள். அழுத்தியபடியே இருங்கள். ரத்தம் நிற்கிறதா என்று துணியை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. கை கால் காயத்தில் அழுத்தியும் ரத்தம் நிற்காமல் பீறிட்டால், காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டுங்கள். மெல்லிய கயிறு உதவாது. கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 108-க்கு போன் செய்யுங்கள்.

விரல் துண்டாகிவிட்டதா? அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதைத் திரும்பப் பொருத்தும் டாக்டர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

ஆனால் துண்டான விரலைக் கொண்டு போகும் விதம் ஒன்று உண்டு. நல்ல தண்ணீரில் லேசாக அலசுங்கள். நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். ஐஸ் கட்டி நேராக விரலில் படக் கூடாது; பட்டால் விரல் கெட்டுவிடும். எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவுக்கு விரல் பிழைக்க வழி உண்டு.

நினைவில் வையுங்கள்

1. பிரேக் வேலை செய்யாத எந்திரத்தைத் தொடாதே.
2. தொப்பி, கண்ணாடி, காது மூடி, கால் கவசம், பூட்ஸ் இல்லாமல் தொடங்காதே.
3. தரையில் வைத்தே ஸ்டார்ட் செய்.
4. இரண்டு கையும் எந்திரத்தின் மேல். கட்டை விரல் பிடியைச் சுற்றி.
5. பாரின் மூக்கு எதிலும் படாமல் பார்.
6. தோளுக்கு மேலே தூக்காதே, ஏணியில் ஏறாதே.
7. மரம் எந்தப் பக்கம் நெருங்கும், எந்தப் பக்கம் விரியும் என்று பார்த்த பிறகே அறு.
8. களைப்பிலும், இருட்டிலும், தனியாகவும் அறுக்காதே.

இந்த எட்டையும் ஒரு தாளில் எழுதி, எந்திரம் வைக்கும் இடத்தில் ஒட்டி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அப்பாவோ அண்ணனோ ரம்பத்தைத் தூக்கும்போது இதைச் சத்தமாகப் படித்துக் காட்டட்டும். ஒரு நிமிஷம்தான் ஆகும்.

ஓடும் ரம்பம் நமக்கு ஒரு நொடிகூடத் தராது. ஓடாத ரம்பம் எத்தனை நிமிஷம் கேட்டாலும் தரும். யோசிப்பதை எல்லாம் அப்போதே யோசித்துவிடுங்கள்!